மரக்கால் யார் கையில்?

எங்க ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அளவு தெரியும்.

உடன்குடிப் பக்கம் எங்கள் தெருக்காரர்கள் யாருக்கும் வயல் கிடையாது. பனையும் உடையும் நிற்கிற செம்மண்ணுதான். அறுப்புக் காலம் வந்துவிட்டால் பொம்பளைகள் கூட்டமாகக் கிளம்பி, தாமிரபரணித் தண்ணி பாயும் குரும்பூர், ஏரல் பக்கம் போவார்கள். கூலி நெல்லாகத்தான். கொத்து என்போம். களத்து மேட்டில் பண்ணையாரின் வரவுக்கு அளக்கிறதும் எங்களுக்குக் கொத்து அளக்கிறதும் ஒரே மரக்கால்தான். ஆனால் பண்ணையாருக்கு அளக்கும்போது குலுக்கி, அமுக்கி, கூம்பாகக் கொட்டி அளப்பார்கள். எங்களுக்கு அளக்கும்போது பெருவிரல் உள்ளே இருக்கும். நெல்லைத் தூவிவிட்டு உடனே தலையைத் தட்டிவிடுவார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. பண்ணையாரின் கோட்டையும் எங்கள் கோட்டையும் கணக்கில் ஒன்று, பானையில் ஒன்று இல்லை. "மரக்கால்ல ஒண்ணுமில்லலே, அளக்கிறவன் கையிலதான் எல்லாம் இருக்கு" என்பாள் ஆச்சி.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் முனைவர் பட்டம் வாங்கி, கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளுகிறவன். கௌரவம் என்பது பேரில் மட்டும். விண்ணப்பப் படிவங்களை நிரப்பி நிரப்பியே நாற்பதைத் தாண்டியாச்சு. ஒவ்வொரு படிவத்திலும் ஒரு கட்டம்: உங்கள் ஆய்வுகளின் எண்ணிக்கை, மதிப்பெண், தாக்கம். இந்த இதழ் மாதிரியான பத்திரிகைகளில் இருபது வருசமாக எழுதுகிறேன். அதற்கெல்லாம் அந்தக் கட்டத்தில் இடமில்லை. இந்தக் கட்டுரைக்கும் பூஜ்யம்தான். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் பூஜ்யம் என்று யார் தீர்மானித்தது, அந்தத் தீர்ப்பில் நியாயம் துளியாவது இருக்கிறதா என்று ஒருமுறை உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டாமா?

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2010ல் ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. மதிப்பாய்வு செய்யும் இதழில் ஒரு கட்டுரை வந்தால் 15. மதிப்பாய்வு இல்லாவிட்டாலும் ஐ.எஸ்.எஸ்.என். எண் இருந்து பேர்பெற்ற இதழாக இருந்தால் 10. புத்தகம் வெளிநாட்டுப் பதிப்பகத்தில் வந்தால் 50, இந்திய அளவிலான பதிப்பகம் என்றால் 25, உள்ளூர்ப் பதிப்பகம் என்றால் 15. ஒரே புத்தகம், ஒரே உழைப்பு. லண்டனில் அச்சானால் 50, மதுரையில் அச்சானால் 15! பாமாவின் 'கருக்கு' 1992ல் மதுரையில்தான் வெளிவந்தது. அது ஆய்வு நூல் அல்ல, தன்வரலாறு, சரி. ஆனால் அந்த ஒரு புத்தகத்தை வைத்து எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எத்தனை கருத்தரங்கம் நடந்தது, எத்தனை கட்டுரைகள் மதிப்பெண்ணாக மாறின? எழுதினவளுக்குக் கிடைத்தது ஊர்ச் சனத்தின் கோபம். அதை வைத்து எழுதியவர்களுக்குப் பதவி உயர்வு.

2018 விதிகளில் எண்கள் மாறின. மொழி, இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 என்றானது. எந்த இதழ் செல்லும், எது செல்லாது என்பதற்கு 2017ல் ஒரு பட்டியல். அதில் முப்பதாயிரத்துக்கு மேல் இதழ்கள். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து அதில் நுழைந்த இதழ்களில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2018ல் வந்தது. 88 சதவீதத்துக்கு மேல் தேறாது என்றது. அந்த ஆண்டு மே மாதமே 4,305 இதழ்களைத் தூக்கினார்கள். 2019ல் 'கேர்' என்று புதுப் பட்டியல். 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். எட்டு வருசத்துக்குள் ஒரு மரக்காலைச் செய்து, உடைத்து, இன்னொன்றைச் செய்து, அதையும் கடாசியாச்சு. நடுவில் அளக்கப்பட்டவர்கள் கதி?

நானும் அந்தச் சந்தையில் சரக்கு வாங்கியவன்தான். ஒளித்து என்ன பயன்? ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று விதி இருந்த காலம் அது. (2022 நவம்பர் விதிகளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.) ஓர் இதழுக்கு 1,800 ரூபாய் அனுப்பினேன். நாலாம் நாள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மதிப்பாய்வாளர் யார், படித்தாரா, ஒன்றும் தெரியாது. பனையேறி வீட்டு அக்கா ஒருத்தி விடிலியில் பதனி காய்ச்சிக்கொண்டே எனக்குச் சொன்ன சங்கதிகளைத்தான் கோர்வையாக்கி எழுதியிருந்தேன். அவளுக்கு அந்த இதழ் வந்த விசயம்கூடத் தெரியாது. எனக்கு மதிப்பெண் சேர்ந்தது. ஆச்சி சொன்ன பெருவிரல் இருக்கிறதே, அது அன்றைக்கு என் கையிலும் முளைத்துவிட்டது.

இதை வைத்து, அளவே வேண்டாம், இலக்கியத்தையும் வரலாற்றையும் அளக்கவே முடியாது என்று சில பேராசிரியர்கள் பேசுகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. எண்கள் வருவதற்கு முன்னால் இந்தத் துறைகளில் எதை வைத்து அளந்தார்கள்? எவருடைய மாணவர், எந்த ஊர், அப்பா என்ன வேலை, பேச்சில் 'ழ'கரம் சரியாக விழுகிறதா... இவற்றை வைத்துத்தானே? 1990ல் மண்டல் அறிக்கையை அமல்படுத்தப் போகிறோம் என்றதும் தெருவுக்கு வந்து 'தகுதி போச்சு, தரம் போச்சு' என்று கத்தியவர்கள் எந்தத் தராசை வைத்துத் தகுதியை நிறுத்தார்கள்? தரம் என்ற சொல்லே நம்மைப் பொறுத்தவரை நம்மை வெளியே நிறுத்தி வைக்கப் பயன்பட்ட சொல். அந்த வாசலில் ஓர் எண் நின்றால், அது நம் முகத்தைப் பார்க்காது, தெருப் பெயரைக் கேட்காது. எங்கள் ஆட்களில் பலர் ஏ.பி.ஐ. வந்தபோது மனசுக்குள் சந்தோசப்பட்டார்கள் என்பது உண்மை. எண்ணி வைத்துவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாதே! கூலியை நெல்லாகக் கொடுக்காமல் ரூபாயாகக் கொடு என்று நம்ம சனங்க கேட்டதும் இதே ஞாயத்தில்தான்.

ஆனால் என்ன நடந்தது? 2018 விதிகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கான அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. இந்த மதிப்பெண்ணெல்லாம் நேர்முகத் தேர்வுக்கு ஆள் பொறுக்க மட்டும்தான். கடைசித் தேர்வு நேர்முகத்தை வைத்து மட்டுமே. பத்து வருசம் கட்டுரை கட்டுரையாக எண்ணிச் சேர்த்தது வாசல்வரைக்கும் வரும்; உள்ளே அதே நாற்காலி, அதே கண்கள். ஒரு நேர்முகத்தில் என்னிடம் கேட்டார்கள்: "ஒப்பாரியில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது? உங்க வீட்டிலேயே கேட்டிருப்பீங்களே." சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எண் நம்மைக் காப்பாற்றும் என்று நம்பியவர்களுக்கு, எண்ணின் எல்லை எது என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்துவிடும்.

இனித் தாக்கத்துக்கு வருவோம். 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்பதைத் தாக்கக் காரணி என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். எங்க ஊரில் தாக்குதல் என்றால் அடி. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955ல் யோசனையாக எழுதி, பிற்பாடு உருவாக்கிய கணக்கு இது. எந்த அறிவியல் இதழை மேற்கோள் பட்டியலில் சேர்க்கலாம், நூலகம் எதை வாங்கலாம் என்று பார்ப்பதற்கானது. ஓர் இதழில் முந்தைய இரண்டு வருசத்தில் வந்த கட்டுரைகளை இந்த வருசம் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதன் சராசரி. அதாவது இதழை அளக்கும் கோல். அதைத் தூக்கி ஆளை அளக்க வைத்துக்கொண்டோம். இரண்டே வருசம்!

அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைச் சென்னையில் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறியது. வரலாறு, இலக்கியம், சமயம், சொல்லாராய்ச்சி, மருத்துவம் என்று அதில் அவர் எழுதியதற்குக் கணக்கில்லை. 1914ல் இறந்துபோனார். அதன்பின் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளின் ஆராய்ச்சி வரலாறுகளில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். கோலார் தங்கவயலில் சித்தார்த்தா புத்தகசாலை சிறுசிறு நூல்களாக அச்சிட்டது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். சுரங்கத் தொழிலாளிகளும் பௌத்தச் சங்கத்தாரும்தான் அவருடைய மேற்கோள் பட்டியல். 1999ல் எங்கள் பாளையங்கோட்டையில், தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகளை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. இறந்து 85 வருசம் கழித்து! அதன்பிறகு ராஜ் கௌதமன் எழுதினார், டி. தருமராஜ் எழுதினார், இன்னும் எத்தனையோ பேர். தமிழ்ச் சிந்தனை வரலாற்றையே திருப்பி எழுத வேண்டியதாயிற்று. 2023ல் கிண்டியில் மணிமண்டபமும் திறந்தார்கள். இரண்டு வருசக் கோலை வைத்து 1916ல் ஒருவர் அளந்திருந்தால் என்ன மதிப்பெண் போட்டிருப்பார்?

இதில் இன்னொரு சிக்கல். 85 வருசம் அவர் பேசப்படவில்லை என்பது அவர் எழுத்தின் குறை இல்லை, படிக்க மறுத்தவர்களின் குறை. மேற்கோள் காட்டுவது என்பது ஒருவரைச் சபையில் உட்கார வைப்பது. யாரை உட்கார வைக்கக் கூடாது என்று முடிவு செய்த சமூகத்தில் மேற்கோள்களை எண்ணினால் கிடைப்பது தரத்தின் அளவா, தீண்டாமையின் அளவா?

சக அறிஞர்களின் மதிப்பாய்வு என்கிறார்களே, அதற்கும் நம்மிடம் ஒரு கதை உண்டு. 1936ல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. அவர்களும் சாதி ஒழிப்புப் பேசியவர்கள்தான், கெட்டவர்கள் இல்லை. உரையை முன்கூட்டியே படித்தார்கள். சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது என்று எழுதிவிட்டார் பாபாசாகேப். மாநாடே நடக்கவில்லை. அவர் தன் கைக்காசில் 1,500 பிரதிகள் அச்சடித்து வெளியிட்டார். இன்றைய கணக்கில் அது 'சொந்தப் பதிப்பு'.

இங்கிலாந்தில் 2014 முதல் இன்னொரு முறை வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, சமூகத்தில் ஆய்வு என்ன மாற்றம் உண்டாக்கியது என்பதற்குத் தனி மதிப்பெண். 2014ல் மொத்தத்தில் 20 சதவீதம், 2021ல் 25. கேட்டதும் நம்முடைய ஆசை மாதிரியே இருந்தது. யோசித்துப் பார்த்தால் இடையன்குடிதான் நினைவுக்கு வருகிறது.

இடையன்குடி எங்கள் ஊருக்குத் தெற்கே, பக்கந்தான். கால்டுவெல் ஐயர் 1841லிருந்து அங்கே இருந்தவர். 1856ல் வெளியான அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலைத் தெரியாத தமிழன் இல்லை. ஆனால் அதற்கு முன்பே, 1849ல், திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அவர்கள் நடுவில் வாழ்ந்து, அவர்களுக்காக உழைத்தவர்தான். ஆனால் அவர்கள் இலங்கையிலிருந்து வந்தேறியவர்கள், அறிவு மழுங்கியவர்கள் என்கிற தோரணையில் எழுதிவிட்டார். எழுதப்பட்டவர்கள் ஒருநாள் அதைப் படிப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை போல. படித்தார்கள். கொதித்தார்கள். நாசரேத்துப் பக்கத்துச் சட்டம்பிள்ளை 1857ல் மிஷனரிகளை உதறித் தனிச் சபையே கண்டார். கால்டுவெல்லை எதிர்த்து நெடுங்காலம் எழுதினார். அந்தச் சிறுநூலுக்குத் தாக்கம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஒரு சாதி முழுவதையும் தன் வரலாற்றைத் தானே எழுதக் கிளம்ப வைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. தாக்கத்தை எண்ணினால் முழு மதிப்பெண். அடித்ததும் தாக்கம், தூக்கிவிட்டதும் தாக்கம்! (அன்று அந்தப் புத்தகத்தால் புண்பட்ட தெருவும் எங்கள் தெருவும் இன்றும் ஒரே தெரு ஆகிவிடவில்லை. அது வேறு கட்டுரை.)

அப்படியானால் யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களே அளக்கட்டும் என்று சொல்லிவிடலாமா? சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பெருமாள்முருகனை உட்கார வைத்து எழுதிக் கொடுக்கச் சொன்னவர்களும் 'எங்களைப் பற்றி எழுதிவிட்டான்' என்றுதான் வந்தார்கள். அது நாவல், ஆய்வு இல்லை. என்றாலும் நாளைக்கு ஓர் ஆய்வேட்டுக்கும் அதே கூட்டம் வரும். நிலமும் எண்ணிக்கையும் கையில் வைத்திருக்கிற சாதி தன்னைப் பற்றிய ஆய்வை அளக்கக் கிளம்பினால் மரக்கால் மறுபடியும் பண்ணையார் கைக்குப் போகும். ஆகவே 'மக்கள் தீர்ப்பு' என்று மொட்டையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த மக்கள்? எதிர்த்துப் பேச முடியாமல் எழுதப்பட்டவர்களா, எழுதுகிறவன் கையை முறிக்கக் கூடியவர்களா?

எங்க ஊர் கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோசம். முத்திரை வந்ததும் சீனி கலப்பது நின்றுவிட்டதா? வாங்குகிறவள் முத்திரையைப் பார்ப்பதில்லை. ஒரு சில்லை உடைக்கிறாள். உடைத்த இடம் பளபளவென்று மின்னினால் சீனி. மங்கலாக, கருஞ்சிவப்பாக இருந்து, நாக்கில் வைத்தால் இனிப்புக்கு அடியில் லேசாக ஓர் உப்புக் கரிப்பு வந்தால் நல்ல சரக்கு. காய்ச்சுகிறவளும் அதே நாக்கால்தான் பார்க்கிறாள். நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழு நடத்தியது ஏறக்குறைய இப்படித்தான். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர். மாதாமாதம் கூடுவார்கள், கட்டுரை வாசிப்பார்கள், முகத்துக்கு நேரே உடைத்துப் பார்ப்பார்கள். 1969ல் 'ஆராய்ச்சி' இதழ் வந்தது. அதற்கு யாரும் எண் கொடுக்கவில்லை. தென்மாவட்டங்களில் நாட்டார் வழக்காற்றியல் என்ற துறை அந்த அறையிலிருந்துதான் பெரும்பாலும் கிளம்பியது. ஆனால் அந்த அறையிலும் எங்க ஆச்சி மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருக்கவில்லை. பாடியவள் இல்லாமல் பாட்டை உடைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு மதிப்பு வைத்திருக்கிற எனக்கும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆச்சி ஒருமுறை பாடினாள். எனக்கு எட்டு வயசு இருக்கும். டேப் ரிக்கார்டரோடு ஓர் ஆய்வாளர் வந்தார். ஒப்பாரி வேண்டும் என்றார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று ஆச்சி மறுத்துவிட்டாள். அவர் மூன்று நாள் நடையாய் நடந்தார். பாவம் என்று இரக்கப்பட்டு, ஊருக்கு வெளியே உடங்காட்டுக்குக் கூட்டிப்போய், யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து பாடினாள். என்னைத் தூரமாக நிற்கச் சொன்னாள். பாடி முடித்து, கிணற்றில் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள். பல வருசம் கழித்து நான் ஆய்வுக்குச் சேர்ந்தபின் ஒரு நூலகத்தில் அந்த ஆய்வேடு கையில் கிடைத்தது. பின்னிணைப்பில் இருந்தாள்: தகவலாளர், பெண், வயது 60, தொழில் கூலி. பெயர் இல்லை. தலைமுழுகியதும் இல்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் ஒப்பாரியையே எடுத்தேன். பண்ணை வீட்டுச் சாவுக்கு எங்கள் தெருப் பெண்கள் போய் மாரடித்தே ஆக வேண்டும் என்ற வழக்கம் இருந்த நாட்களின் பாட்டுகளை எங்கள் தெருக் கிழவிகளிடம் கேட்டுப் பதிந்தேன். எல்லாருக்கும் பெயர் போட்டேன். செத்த பண்ணையாரை ராசாவாக ஏற்றிப் பாடும் பகுதிகளை ஓர் இயல் முழுக்க அலசி, இது அடிமை மனம் உள்வாங்கிக்கொண்ட குரல் என்று கோட்பாடெல்லாம் காட்டி எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அந்த இயலைத்தான் பாராட்டினார்கள்.

பட்டம் வாங்கின பிறகு ஒருநாள் சாயங்காலம் எங்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் ஆய்வேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்த இயலை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். என் தமிழ் பாதி அவர்களுக்குப் பிடிபடவில்லை. பாட்டு வந்த இடங்களில் மட்டும் தலையை ஆட்டினார்கள். ராசா பாட்டு வந்ததும் பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு கிழவிகளும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஏன் பெரியம்மா சிரிக்கீய?"

"இம்புட்டுத்தானா எழுதியிருக்க?"

"நீங்க சொன்னது இம்புட்டுத்தானே."

"அது அவுக வாசல்ல பாடுறதுலே. ஓடைய தாண்டி வீட்டுக்கு வாற வழியில மிச்சத்தப் பாடுவோம். பாதிய எழுதிட்டு ராசா, அடிமைன்னு என்னமோ வாசிக்க."

மிச்சத்தைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். கையில் செல்போன் இருந்தது. பதிவுப் பொத்தானை அழுத்தியும் விட்டேன். பெரியம்மா அதைப் பார்த்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அதான் பரீச்ச முடிஞ்சு பட்டம் வாங்கிட்டியே, இனி எதுக்கு?" என்றவள் உள்ளே திரும்பி, "ஏட்டி, தம்பிக்குக் கருப்பட்டிக் காப்பி போடு" என்றாள்.